உரோமர் காசும் அதனைப் போலச்செய்த காசும்

ஒரு நாட்டின் பண்டை வரலாற்றை அறிதற்குத் துணைசெய்யும் சான்றுகளுள் நாணயங்கள் சிறந்த இடத்தைப் பெறுவன. ஓலைச்சுவடி செல்லரித்துப் போகும்; மரத்தாலான மாளிகை மண்ணோடு மண்ணாகும்; செம்பினால் ஆகிய சிறு காசோ ஆயிரத்தைந்நூறு ஆண்டு மண்ணுள் கிடந்தும் தன் செய்தியைச் சொல்லவல்லது. ஆயினும் எல்லாக் காசுகளுக்கும் ஒரே மதிப்புக் கிடைப்பதில்லை. அழகிய முகமும் தெளிந்த எழுத்தும் உடைய காசைக் கண்டோர் போற்றி வைப்பர். உருவம் சிதைந்து, எழுத்து வெறுங் கோடுகளாய் அமைந்த காசை, "இது கள்ளக்காசு" என்று சொல்லி எறிந்துவிடுவர். அல்லது பழைய செம்பு வாங்குவோனிடம் கொடுத்துவிடுவர். இவ்வாறு எறியப்படுவனவற்றுள் ஈழநாட்டு வரலாற்றுக்கு இன்றியமையாத ஒருவகைக் காசும் உண்டு. அதனை அறிந்துகொள்ளும் முறையை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமர் காசும் ஈழமும்

உரோமப் பேரரசுக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பைப் பற்றிய பழங்குறிப்புகளுள் இரண்டு, நாணயத்தையே நடுவாகக் கொண்டு அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்பார் ஒரு செய்தியைத் தருகின்றார். கிளோடியசு பேரரசனாய் இருந்த காலத்தில் (கி.பி. 41 - 54) அன்னியசு பிளோக்காமசு என்பானின் பணியாளன் ஒருவன் காற்றால் அலைப்புண்டு இத்தீவின் கரையை அடைந்தான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளைக் கண்ட மன்னன், அவற்றில் வெவ்வேறு முகங்கள் பொறிக்கப்பட்டிருந்தும் எடை ஒன்றாகவே இருத்தலை எண்ணி உரோமரின் நேர்மையை வியந்தான் என்பர். மற்றைய செய்தி கி.பி. 6ஆம் நூற்றாண்டினர் ஆகிய கொஸ்மசு எழுதியது. சோபத்தர் என்னும் வணிகனும் பாரசீகன் ஒருவனும் தத்தம் அரசனே பெரியவன் என்று இலங்கை மன்னன் முன்னிலையில் வாதிட்டனர். அப்பொழுது உரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக்காசையும் அருகருகே வைத்து நோக்குமாறு சோபத்தர் வேண்டினான். பொற்காசின் ஒளியைக் கண்டு மன்னன் அவன் பக்கம் தீர்ப்பளித்தான் என்பது கதை.

இக்கதைகள் பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் பேசுகின்றன. மண்ணிலிருந்து வெளிப்படும் சான்றோ வேறு கூறுகின்றது. இலங்கையில் மிகுதியாகக் கிடைத்துள்ள உரோமர் காசுகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அடிக்கப்பட்ட சின்னஞ்சிறு செம்புக் காசுகளே ஆகும். கொன்சுதந்தீன், இரண்டாம் கொன்சுதாந்தியசு, தியோடோசியசு, ஆர்க்கேடியசு, ஒனோரியசு முதலிய பேரரசர்களின் பெயர்களை அவை தாங்கியுள்ளன. சிகிரியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை கிடைத்தன. அங்கு அகழ்வுப் பணியில் ஈடுபட்டிருந்த யோன் சுடில் என்பார் 1907ஆம் ஆண்டில் இக்காசுகளைப் பற்றி விரிவானதொரு கட்டுரையை வெளியிட்டார். 1924இல் கொட்ரிங்டன் எழுதிய இலங்கை நாணய நூலும், 2008இல் செருமானிய அறிஞர் வால்பேர்க்கு வெளியிட்ட நூலும் இத்துறையில் ஆராய்வோர் கைவிடலாகாதவை. தமிழ்நாட்டில் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செம்புக் காசுகளை இரா. கிருட்டிணமூர்த்தி என்பார் 1994இல் நூலாக வெளியிட்டார்.

இக்காசுகளோடு கலந்தும் தனித்தும் வேறொரு வகையும் கிடைக்கின்றது. முகப்பில் உரோமப் பேரரசன் தலை போன்றதோர் உருவம். பின்புறத்தில் உரோமர் காசிற் காணப்படும் சின்னம் போன்றதொன்று. சுற்றிலும் எழுத்துப் போன்ற கோடுகள். எனினும் ஓர் எழுத்தையேனும் வாசிக்க இயலாது. மாத்தறையை அடுத்த நயிமன என்னும் ஊரிற் கிடைத்த புதையலை முன்னிட்டு இவற்றை நயிமன வகைக் காசு என்று வழங்குவர். இவற்றை நாம் இங்கே போலச்செய்த காசு என்று குறிப்போம்.

மலைநாட்டு மண்ணிற் கிடைப்பவை

நுவரெலியா, அற்றன் பகுதிகளில் வாழும் நாம் முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். உரோமர் காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்தவை கடற்றுறைகளும் பழைய தலைநகரங்களும் ஆகும். அனுராதபுரம், சிகிரியா, மாந்தை, திசமகாராமை, கொடவாய என்பன அவற்றுட் சில. நம் தோட்டங்கள் அமைந்துள்ள உயர்ந்த மலைகளோ 19ஆம் நூற்றாண்டில் காப்பிச் செய்கைக்காக வெட்டப்படும்வரை பெரும்பாலும் அடர்காடாய் இருந்தவை. ஆகையால், கான் வெட்டும்போதோ வீட்டுத்தோட்டத்தைக் கொத்தும்போதோ ஒரு பழங்காசு அகப்பட்டால் அதனை உடனே உரோமர் காசு என்று கொள்ளுதல் பொருந்தாது.

அவ்வாறு கிடைக்கக்கூடிய காசுகள் நான்கு. ஒருபுறம் நிற்கும் மன்னனுருவும், மறுபுறம் அமர்ந்த உருவும், அதனருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயரும் உடைய செம்புக் காசு பராக்கிரமபாகு முதலிய இடைக்கால மன்னர்க்குரியது. நந்தி உருவமும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் உடையது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையது. மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய குறியும் ஆண்டும் உடையது ஒல்லாந்தர் கும்பினியின் சல்லி. அரசி விக்டோரியாவின் தலையும், மறுபுறம் மரமும், சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதியும் உடையது 1870ஆம் ஆண்டு முதலாகப் பொறிக்கப்பட்ட சதக்காசு. இவற்றுள் எதனையும் உரோமர் காசென மயங்கவேண்டியதில்லை.

மலைநாட்டில் உண்மையான உரோமர் காசு காணப்படுமாயின் அது வந்த வழியை ஆராய்தல் வேண்டும். நம் முன்னோருட் பலர் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர். அம்மண்ணோ உரோமர் காசுகள் ஏராளமாகக் கிடைத்த மண். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட ஒரு புதையலில் மட்டும் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் காணப்பட்டது. எனவே, தாலிக்கொடியிலோ சாமிப்பெட்டியிலோ துளையிட்ட பழங்காசு ஒன்று வழிவழியாக இருந்துவருமாயின் அஃது அக்குடும்பம் கடல் கடந்து வந்த கதையையும் தன்னோடு சுமந்து நிற்கலாம்.

மூவகைப் பாகுபாடு

ஐயத்துக்குரிய காசொன்று கையில் வந்தவிடத்து அது மூன்றனுள் ஒன்றாகும். ஒன்று, உரோம அரசின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட உண்மைக்காசு. இரண்டு, பண்டைக்காலத்திலே அதனைப் பார்த்து இங்கே அடித்து வழங்கிய போலச்செய்த காசு. மூன்று, அண்மைக் காலத்தில் வாங்குவோரை ஏமாற்றும் பொருட்டு வார்க்கப்பட்ட போலி. இரண்டாவதும் மூன்றாவதும் உரோமில் ஆகாதவை என்ற ஒன்றில் மட்டுமே ஒத்தவை. இரண்டாவது தன் காலத்துச் சந்தையிற் காசாக உலாவியது. ஆதலால் அதுவும் ஒரு பழம்பொருளே. மூன்றாவதோ எந்தச் சந்தையிலும் காசாய் வழங்கியதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே அரிய காசுகள் குப்பைக்குச் செல்ல, அற்பப் போலிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறுகின்றன.

வேறுபாடு அறியும் வழிகள்

முதலாவது, அளவும் எடையும். பிற்கால உரோமச் செம்புக் காசுகளுட் சிறியவை ஏறத்தாழ 10 முதல் 14 மில்லிமீற்றர் விட்டமும் 1 முதல் ஒன்றரைக் கிராம் எடையும் உடையவை. சற்றுப் பெரியவை 15 முதல் 18 மில்லிமீற்றர் விட்டமும் இரண்டு, இரண்டரைக் கிராம் எடையும் உடையவை. போலச்செய்த காசுகள் பெரும்பாலும் மெல்லியனவாயும் இலேசானவையாயும் இருக்கும்; ஒன்றுக்கொன்று எடை ஒவ்வாது. இவ்வளவு நுண்ணிய எடையைக் காணக் கொழுந்து நிறுக்கும் தராசு உதவாது. கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்துத் தராசோ பொற்கொல்லரின் தராசோ வேண்டும். கட்டைவிரல் நகமளவுக்கு மேற்பட்ட பெரிய செம்புக் காசு ஒன்றை நயிமன வகை என்று ஒருவர் கூறுவாராயின் அதனை ஐயத்தோடு நோக்குதல் தகும்.

இரண்டாவது, எழுத்து. இதுவே தலையாய சான்று. உரோமர் காசின் முகப்பில் 'எம் தலைவன்' என்னும் பொருளுடைய டி, என் என்ற இரண்டு எழுத்துகள் தொடக்கத்தில் வரும்; பின்னர்ப் பேரரசன் பெயர் வரும்; இறுதியில் அவனது பட்டப்பெயரின் குறுக்கம் வரும். பின்புறத்தின் அடியில் அக்கசாலை இருந்த நகரின் குறி காணப்படும். காசு தேய்ந்துவிட்டால் இவை மங்கும். இங்கேதான் பலர் மயங்குகின்றனர். தேய்ந்த உண்மைக்காசில் மேடான பகுதிகள் வழுவழுப்பாகி எழுத்தின் அடிப்பகுதிகள் மட்டும் எஞ்சியிருக்கும். எஞ்சிய இரண்டோர் எழுத்தாயினும் சரியான வடிவிலும் சரியான இடத்திலும் இருக்கும். போலச்செய்த காசிலோ கோடுகள் தேயாமல் கூர்மையாகவே இருக்கும். ஆயினும் அவை எழுத்தாகா. நெடுங்கோடு, வட்டம், வளைவு, மீண்டும் நெடுங்கோடு என்று சுற்றிவரும். அச்சு வெட்டியவன் இலத்தீன் அறியாதவன். எழுத்தை ஓர் அணிவரிசையாகவே கண்டான். எனவே, "எழுத்து அழிந்ததா? அன்றி, எழுத்தே இருந்ததில்லையா?" என்று நாம் வினவிக்கொள்ளல் வேண்டும். இவ்வொரு வினாவே பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, உருவம். உரோமர் காசிற் பேரரசன் வலப்புறம் நோக்கியிருப்பான். தலையில் முத்துக் கோத்த பட்டம் இருக்கும். தோளில் மேலாடையின் மடிப்புகள் தெரியும். போலச்செய்த காசில் முத்துப்பட்டம் சில புள்ளிகளாகவும், கூந்தல் சில கீற்றுகளாகவும், கண் ஒரு குமிழாகவும் சுருங்கிவிடும். சிலவற்றில் முகம் இடப்புறம் திரும்பியிருக்கலாம். காசைப் பார்த்து அப்படியே அச்சில் வெட்டினால், அச்சடிக்கும்போது உருவம் கண்ணாடியிற் போல மாறி விழும் என்பதை எண்ணுக. பின்புறத்துச் சின்னங்களையும் அறிந்துகொள்ளல் நன்று. குதிரையினின்றும் வீழ்ந்தவனைப் படைவீரன் ஈட்டியாற் குத்துதல், சிறகுடைய வெற்றித்தேவி சிறைப்பட்டவனை இழுத்துச் செல்லுதல், பேரரசர் இருவரோ மூவரோ நிற்றல், மாலை நடுவே சிலுவை அமைதல் என்பன உண்மைக்காசுகளிற் காணப்படும் சின்னங்களுட் சில. போலச்செய்வோன் சிலுவையை எளிதில் வெட்டினான். வெற்றித்தேவியின் சிறகை இரண்டு கோடாக்கினான். பேரரசர் மூவரையும் மூன்று குச்சிகளாக நிறுத்தினான்.

நான்காவது, விளிம்பும் மேற்பரப்பும். அச்சடித்த காசில் உலோகம் அழுத்தத்தால் விளிம்பை நோக்கி விரிந்திருக்கும். சிறு வெடிப்புகளும் காணப்படலாம். மணலிலோ அச்சுக்கூட்டிலோ வார்த்த போலியில் மேற்பரப்பு சவர்க்காரம்போல் மழுங்கியும், சிறுகுழிகள் நிறைந்தும் இருக்கும். விளிம்பைச் சுற்றி இரு பாதிகளும் பொருந்திய வரையோ அதனை அராவிய அடையாளமோ தெரியும். வார்த்தது என்பதனால் மட்டும் ஒரு காசைப் புதியதென்று தள்ளுதலும் தகாது. பண்டைக்காலத்திலும் வார்த்த காசுகள் உண்டு. ஆனால், ஒரே குழியும் ஒரே கீறலும் ஒரே இடத்திலுள்ள இரண்டு காசுகள் ஒருவனிடம் இருக்குமாயின் அவை ஒரே கூட்டில் வார்த்தவை என்று கொள்க, வாங்காதொழிக.

ஐந்தாவது, களிம்பு. நெடுங்காலம் மண்ணுட் கிடந்த செம்பின் மேற் படியும் களிம்பு, உலோகத்தோடு ஒன்றிப் பச்சையாகவோ கபிலமாகவோ கருமையாகவோ இறுகியிருக்கும். போலியின் பச்சை, பூச்சாக மேலே நிற்கும். எழுத்தின் இடுக்குகளில் மிகுந்தும் மேடுகளில் உதிர்ந்தும் காணப்படும். மஞ்சள் நிறப் பித்தளை உள்ளே தெரிந்தாலும், காந்தத்தால் இழுக்கப்பட்டாலும் ஐயம் வலுப்பெறும்.

இவ்வைந்தனுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் ஆகாது. எல்லாவற்றையும் சேர்த்து நோக்கி, ஏற்கெனவே ஆராயப்பெற்ற காசுகளோடு ஒப்பிட்ட பின்னரே ஒரு முடிவுக்கு வருதல் முறை.

ஏன் செய்தனர்?

இத்துணைச் சிறுமதிப்புடைய செம்புக் காசைப் போலச்செய்வதால் என்ன பயன் என்று வினவலாம். பொன்னைப் போலச்செய்தால் ஊதியம் உண்டு. சல்லியைப் போலச்செய்தால் உழைப்புக்கும் கட்டாது. ஆகவே இஃது ஏமாற்றும் நோக்கத்தால் எழுந்ததன்று, சில்லறைத் தட்டுப்பாட்டால் எழுந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். கப்பலில் வந்திறங்கிய உரோமச் செம்பு சந்தையிற் காசாக வழங்கலாயிற்று. மக்கள் அதற்குப் பழகினர். இறக்குமதியிற் பெரும்பகுதி கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குறுகியதொரு காலத்துள் நிகழ்ந்ததென வால்பேர்க்கு கருதினார். கொடுக்கல் வாங்கலுக்கு அது போதாதபோது, மக்கள் பழகிய தோற்றத்திலேயே இங்குள்ளோர் அடித்துக்கொண்டனர். வாசிக்க முடியாத எழுத்தைப் பற்றி எவரும் கவலையுற்றிலர்; உண்மைக்காசின் எழுத்தையும் இங்கு எவரும் வாசித்தாரல்லர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசின் ஒரு கோடியாகிய பிரித்தானியாவிலும் கி.பி. 3ஆம் 4ஆம் நூற்றாண்டுகளில் அரசின் சில்லறை வந்து சேராத காலங்களில் மக்கள் தாமே இத்தகைய காசுகளை அடித்து வழங்கினர். குதிரைவீரன் வீழும் சின்னம் அங்கும் இவ்வாறே சிதைந்து காணப்படுகின்றது. ஒரு காசின் தோற்றத்தை மற்றொரு நாடு தழுவுதலும் புதுமையன்று. மேலே கூறிய பராக்கிரமபாகு முதலியோரின் காசு, இராசராச சோழனின் காசமைப்பைத் தழுவியதே.

மலைநாட்டார்க்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தொழில் பெருகியபோது சில்லறைக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. மலையிலிருந்து இறங்கிய காப்பியைக் கொழும்பிலே துப்புரவாக்கிய வணிகக் கும்பினிகள் சில, தம் பெயரைப் பொறித்த செம்பு, பித்தளை வில்லைகளைச் செய்வித்துத் தொழிலாளரிடையே வழங்கின. யோர்ச் சுடுவர்ட்டு கும்பினியார் தம் வேகந்தை ஆலைக்கென 1843இல் வெளியிட்ட வில்லை அவற்றுள் ஒன்று. லோசிலி என்பார் 1895இல் இலங்கைக் காசுகளைப் பற்றி எழுதியபோது இவ்வில்லைகளையும் சேர்த்தே விவரித்தார். அரசு அடித்த காசன்று என்பதனால் அவற்றை எவரும் கள்ளக்காசு என்று கூறுவதில்லை. உழைத்தவன் கையில் ஏறி, அரிசியாயும் உப்பாயும் மாறிய வில்லை அது. நயிமனக் காசையும் நாம் அவ்வாறே நோக்குதல் வேண்டும். அரசர் வரலாற்றைக் கல்வெட்டும் மகாவமிசமும் கூறும். சந்தையில் மீனும் எண்ணெயும் வாங்கியவரின் வரலாற்றைக் கூற இத்தகைய காசுகளே உள்ளன.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

பழங்காசு கிடைத்தவிடத்து முதலிற் செய்யத்தகாதது அதனைத் துலக்குதல். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் கைகள் காசையும் அவ்வாறே துலக்க விழையும். துலக்கினால் களிம்போடு எழுத்தும் போய்விடும். பழமைக்குரிய சான்றும் போய்விடும். ஒட்டிய மண்ணை மெல்லிய தூரிகையால் அகற்றுதல் மட்டும் போதும். நம் பகுதியின் பனியும் ஈரமும் செம்புக்குப் பகை. வெளிர்பச்சைத் தூள் உதிருமாயின் அரிப்பு நிகழ்கின்றது என்று அறிந்து, அக்காசைப் பிறவற்றினின்றும் பிரித்து, ஈரமற்ற கடதாசி உறையில் இட்டு வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கிடைத்த இடத்தை எழுதி வைத்தல் வேண்டும். எந்தத் தோட்டம், எந்த மலை, எவ்வளவு ஆழம், உடன் கிடைத்த ஓடு முதலியன யாவை, எந்த நாள் என்பவற்றை அன்றே குறித்துக்கொள்க. இடம் தெரியாத உண்மைக்காசினும் இடம் தெரிந்த சிதைந்த காசு ஆராய்வோர்க்குப் பெரிதும் பயன்படும். ஒருபக்கமிருந்து சாய்வாக ஒளி விழும்படி வைத்து இருபுறமும் படம் எடுத்தால், கண்ணுக்குப் புலப்படாத கோடுகளும் தோன்றும்.

மூன்றாவதாக, சட்டத்தை மறத்தலாகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச்சட்டத்தின்படி, மண்ணிலிருந்து வெளிப்படும் தொல்பொருள் நாட்டுக்குரியது; கண்டெடுத்தவர் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமையாகும். அறிவிக்க அஞ்சி ஒரு சில ரூபாவுக்கு விற்றுவிடும் ஏழைத் தொழிலாளி பொருளையும் இழக்கின்றார். தாம் கண்டெடுத்தது என்னும் பெருமையையும் இழக்கின்றார். படித்த இளைஞர் அவர்க்குத் துணைநின்று ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பாராயின் அது சிறந்த தொண்டாகும். குடும்பத்தில் வழிவழியாக வந்த காசைப் பொறுத்தமட்டில், அதனை விற்பதற்கு முன் அதன் கதையை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தலேனும் செய்தல் வேண்டும்.

முடிவுரை

கலைத்திறன் குன்றிய காசு என்பதனால் அதன் உண்மை குன்றிவிடாது. இக்காசை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், எதற்காகச் செய்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதனை ஏற்கவோ தள்ளவோ வேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் இவ்வினாக்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வாராக. மாணவர் தத்தம் தோட்டத்திலும் இல்லத்திலும் உள்ள பழங்காசுகளையும் காப்பிக்காலத்து வில்லைகளையும் அளந்து, நிறுத்து, வரைந்து ஒரு பதிவேடு தொடங்குவாராக. பழைய மாணவர் அதற்கு வேண்டிய நுண்தராசையும் உருப்பெருக்குக் கண்ணாடியையும் உதவுவாராக. ஓராண்டு உழைப்பில் உருவாகும் அப்பதிவேடு, எழுதப்படாத மலைநாட்டு வரலாற்றின் முதல் ஏடுகளுள் ஒன்றாய் விளங்கும் என்பது எமது துணிபு.